மூன்றாவது பிளக்

என் கணவர் கோபத்தில் கத்தினதே இல்லை. கத்துகிற ஆளோடு குடித்தனம் செய்துவிடலாம். இவர் குரலை உயர்த்தாமல், முகத்தில் சிரிப்பு மாறாமல், கழுத்தை அறுப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பிக்குக் கல்யாணம். அழைக்க அவன் பீளமேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது இவர் பட்டறையில் இருந்தார். தம்பி இன்னும் பத்து வீடு போகவேண்டியிருந்தது. வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். வீட்டு மாப்பிள்ளையான இவர் கையில் வைக்காத பத்திரிகை பத்திரிகையே இல்லையாம். தம்பி இரண்டு தடவை போன் செய்து மன்னிப்புக் கேட்டான். இவர் ரிசீவரைக் கையால்கூடத் தொடவில்லை.

"நான் வரலை. நீ போறதுன்னா போ அம்மணி, புடிச்சா வெச்சிருக்கேன்?" என்றார்.

நான் போயே ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. கூடப் பிறந்தவளைப் புதுச்சேலை கட்டி மாப்பிள்ளையின் அருகில் நிறுத்தி, அவளுக்கும் சீர் செய்வார்கள். பெண்டாட்டி வந்தாலும் உன்னை மறக்கமாட்டேன் என்று அவன் ஊரறியச் சொல்வதற்குச் சமம் அது. அவனுக்கு நான் ஒரே அக்கா. அந்தியூர் மண்டபத்தில் சாயங்காலம் நாலு மணிக்குச் சீர்.

கார் ஓட்ட எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் இவரே வந்து, "அவ்வளவு தூரம் போற வண்டி. பிளக்கு மூணையும் மாத்திப்போட்டுக் குடுக்கறேன்" என்றார். எட்டரை மணிக்குப் புது ஸ்பார்க் பிளக் வாங்கிவருவதாகக் கிளம்பிப் போனார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதரைக்குத் திரும்பினார். பிளக்குகளோடு, பட்டறையிலிருந்து ஒரு முழ நீள இரும்புப் பைப்பும் கொண்டுவந்திருந்தார். பானெட்டைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். பழைய பிளக்குகளைக் கழற்றினார். புதிதில் முதல் இரண்டையும் விரலாலேயே திருகி உட்காரவைத்து, பிளக் முடுக்கும் சாவியால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். மூன்றாவதுக்கு மட்டும் சாவியின் பிடியில் பைப்பைச் செருகி, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார்.

"எதுக்குங்க அவ்வளவு இறுக்கம்?"

"மோட்டார் பம்பு செய்யறவனுக்கு நீ சொல்லிக் குடுக்கறயா?"

அடுத்த அழுத்தில் சாவி சட்டென்று இலேசாகச் சுழன்றது. பிளக் ஆடியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "போச்சு" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் அதே சிரிப்பு.

கோட்டைமேட்டிலிருந்து மெக்கானிக் பாய் வந்து சேரப் பன்னிரண்டு ஆகிவிட்டது. குனிந்து பார்த்தவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "எஞ்சின் ஹெட்டு அலுமினியமுங்க அம்மணி. பைப்பு போட்டா தாங்குமுங்களா? பிளக்கைப் புடிக்கற மரை மொத்தமும் வழிச்சுக்கிட்டு வந்துருச்சு. ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டு போயிப் புது மரை வெட்டோணும். ரெண்டு நாளாவது ஆகுமுங்க."

என் கணவர் பட்டறையிலேயே லேத் மூன்று இருந்தது. பொழுதன்னிக்கும் மரை வெட்டுவதுதான் தொழில். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பட்டுச்சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்னூர், புளியம்பட்டி, சத்தி, கோபி என்று நின்று நின்று போனது. கோபியில் மாற்று பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். வழி முழுக்க அவரை மடையன், முட்டாள், ஒரு பிளக் மாட்டத் தெரியாதவன் என்று வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. சீர் முடிந்துவிட்டது. எனக்கென்று எடுத்த மாம்பழ நிறச் சேலையில் பெரியப்பா மகள் தம்பியின் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடிவந்தான்.

"அக்கா, வந்துட்டீங்களா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேனுங்களே. மாமா காலையில ஒம்பது மணிக்கே பட்டறையிலிருந்து போன் பண்ணிட்டாருங்க. கார் ரிப்பேரு, உங்கக்கா வரமாட்டா, வேற ஆளை நிறுத்திக்கங்கன்னு."

ஒன்பது மணிக்குக் காரின் பானெட்டைக்கூட யாரும் திறக்கவில்லை.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான். எதுவும் காதில் விழவில்லை. பஸ்ஸில் அத்தனை நேரம் முட்டாள் என்று யாரைத் திட்டிக்கொண்டு வந்தேன்? பிளக் மாற்றுகிறாரே என்று உருகிப்போய்க் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.