பாதி நெத்திலி

வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் பஸ்ஸில் வாயைத் திறக்கக் கூடாது. எண்ணூர் பஸ்ஸில் திங்கட்கிழமை திறந்துவிட்டேன்.

"வியாழக்கிழமை பலத்த இடிமழை வரலாம்" என்று கருவாடு விற்கும் அஞ்சலையிடம் சொன்னேன்.

"வருமா, வராதா? ஒண்ணு சொல்லு நைனா."

"மூணு நாள் முன்னாடி அவ்வளவுதாம்மா சொல்ல முடியும். வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்."

அவள் முகம் வாடியது. மணலில் காயும் நெத்திலி நனைந்தால் புழுத்துவிடும். காயப்போடாமல் வைத்திருந்தால் அழுகிவிடும்.

வியாழன் முழுக்கச் சுள்ளென்று வெயில்.

இன்று காலை பஸ்ஸில் அவளைக் கண்டதும் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"இன்னா நைனா, ஒளிஞ்சிக்கினு கீறே?"

"மழை வரலையேம்மா."

"வர்லாம்னுதானே சொன்னே? பாதிய மணல்ல காயப்போட்டேன். பாதிய உப்பு போட்டுப் பானையில வெச்சேன். ஒண்ணும் கெடல. அடுத்த வாரம் எப்டி கீது, அத்த சொல்லு."

எங்கள் அதிகாரிக்கே 'வரலாம்' என்ற சொல் பிடிக்காது. அஞ்சலைக்குப் பிடித்திருக்கிறது!

"செவ்வாய்க்கிழமை வரலாம்" என்றேன், இந்த முறை பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அன்றைக்குத் துணி துவைக்க இருப்பவர்கள் என்னைக் கேளுங்கள். பாதியைத் துவைக்கச் சொல்வேன்.