காத்தாயி அணையவிடாத அடுப்பு

நாணற்குடியில் எங்கள் தெருவிலிருந்து ஆற்றுக்குப் போக வழி, தெருவுக்கென்று ஒரு கைப்பம்பு, நடவுக்கூலியில் ஆணுக்குச் சமமாக ஒரு மரக்கால் நெல், கடைசியாக, குடியிருந்த மனைக்குப் பட்டா. இவ்வளவும் என் தங்கை காத்தாயி வாங்கியவை. யாரும் கொடுத்தவை அல்ல.

குடவாசலுக்குக் கிழக்கே, சோழசூடாமணி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நிலமெல்லாம் பண்ணைக்கு. நாங்கள் குடிசை போட்டிருந்த கரையும் பண்ணைக்கே. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்ததும், தாசில்தார் பார்வையிட வருவதற்குள் எங்களைக் கிளப்பிவிடப் பண்ணையில் முடிவு செய்தார்கள். காரியஸ்தர் சிங்காரவேலு ஒரு தாளோடு வந்தார்.

"காத்தாயி, இதுல கைநாட்டு வச்சுட்டு மேட்டுத்தெருவுக்குப் போயிடு. கூரைக்குக் கீத்து, பண்ணை ஐயா தர்றாரு."

"எங்கப்பா வச்ச கைநாட்டுல அரைக்காணி போச்சுங்க. அந்த வெரலு எனக்கு வரல."

"வாய் ரொம்ப நீளுது."

"நீளமா எங்கிட்ட வேற என்ன இருக்கு? வயலா?"

மறுநாள் அவள் நடவுக்குப் போயிருந்தபோது ஆள் விட்டு முதலில் அவள் கூரையைப் பிரித்து ஆற்றில் எறிந்தார்கள். ஐப்பசி மழை. புருஷனை இழந்தவள், தனியாக எப்படி இருப்பாள் என்று என் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அடுப்பு எரியலன்னா இங்க யாரும் குடியில்லன்னு எழுதிக்குவானுங்க, அண்ணே" என்றாள். நடவில் தலைக்குப் பிடிக்கும் தாழங்குடையை அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பு நனையவில்லை. அவள் நனைந்தாள்.

மழை விடுவதற்குள்ளேயே தாசில்தார் வந்தார்.

"பாழ்மனைங்க. கூரையே இல்ல, பாருங்க" என்றார் சிங்காரவேலு.

"அப்ப அந்தப் புகை?"

காத்தாயி குடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாழ்மனையில பேய் கஞ்சி காச்சுதுங்க. ஒரு வாய் குடிக்கிறீங்களா?"

தாசில்தார் சிரித்தார். கஞ்சி குடிக்கவில்லை. ஆனால் குடியிருப்பவர் காத்தாயி என்று எழுதினார்.

பட்டா கொடுக்கும் நாளில் குடவாசல் அலுவலகத்தில் குமாஸ்தா மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க."

நான் ஐந்தாவது படித்தவன். என்னிடம் அவள் ஓர் எழுத்தும் கேட்டதில்லை. மதகுச் சுவரில் இரண்டு கட்சிக்காரர்களும் எழுதி வைத்த தேர்தல் விளம்பரங்களைப் பார்த்து, கரித்துண்டால் பானை முதுகில் தானாகவே எழுதிப் பழகியிருக்கிறாள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. துணைக்கால்கூட விடாமல் தன் பெயரை முழுதாக எழுதினாள்.

அன்று வியாழக்கிழமை, 1972 மார்ச் 9.