லொறி மூன்று முறை வந்தது

எங்கள் பள்ளிக்கூடத்தை மூடுவதென்று தீர்மானித்தபோது அதில் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தோம். நான் நாலாம் வகுப்பு. மற்ற இருவரும் இரண்டாம் வகுப்பு. எங்கள் மூவருக்கும் ஒரு ரீச்சர்.

புங்குடுதீவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஓட்டுக் கட்டடம் அது. கண்டியில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கட்டிக்கொடுத்தது. உள்ளே இடம் போதாமல் பிள்ளைகள் வேப்பமரத்தின் கீழே இருந்து படித்த காலமும் உண்டாம். சண்டைக்குள் ஊரே வெளிக்கிட்டுப் போன பிறகு, பல வருடங்கள் ஆடுகள் அதில் படுத்தன. சனம் திரும்பி வந்ததும் கூட்டிக் கழுவித் திறந்தார்கள். வந்த சனத்திலும் பாதி யாழ்ப்பாணம், கனடா என்று போய்விட, மிஞ்சியது நாங்கள் மூவர்.

மூடினால் நான் பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே ஒரு வகுப்பிலேயே நாற்பது பேர் என்றார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே இடத்தில் நான் அதுவரை கண்டதில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். காற்சட்டை போட்ட யாராவது கேற்றடியில் நின்றால் அம்மா குசினிக்குள் போய்விடுவார். ஊர் அலுவல் பார்க்கிற விதானையாருக்குக்கூட நான்தான் பதில் சொல்வேன். அப்பா வன்னியிலிருந்து எங்களோடு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா அப்படித்தான். பெரியம்மாவோடும் அயல் பெண்களோடும் சேர்ந்து பனையின் சார்வோலையில் பாயும் பெட்டியும் இழைப்பார். நயினாதீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவான் துறைமுகத்தில் அவற்றை வாங்குவார்கள். மாரியில் எல்லார் வீடும் ஒழுகும். ஓலை நனைந்து கறுத்துப்போகும்.

பிள்ளைகள் இருக்கிற வாங்குகளையும் மேசைகளையும் ஏற்ற லொறி வந்த காலை, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இடுப்பில் ஓலைக்கட்டு. பின்னால் பெரியம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும். நேரே உள்ளே போய், நாங்கள் படிக்கிற அந்தக் குட்டி வாங்குகளில் முழங்கால் இடிக்க இருந்து இழைக்கத் தொடங்கினார்கள்.

கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். லொறியிலிருந்து நாலு கூலியாட்கள் குதித்தார்கள். அவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"அக்கா, இந்த வாங்குகளை ஏத்தவேணும். கட்டடத்தைப் பூட்டவேணும். எழும்புங்கோ."

பெரியம்மா பதில் சொல்வார் என்று நினைத்தேன். ஊரில் வாய் அவருக்குத்தான். ஆனால் கேட்டது அம்மாவின் குரல்.

"இந்தப் பாய் முடியட்டும், சேர். எழும்புறம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா தலை நிமிரவில்லை. கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பூட்டின கட்டடங்களுக்கு எங்கள் தீவில் என்ன நடக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முதலில் கதவு களவு போகும், பிறகு ஓடு, பிறகு கூரை வளை.

அதிகாரி மத்தியானம் வரை வேப்பமரத்தின் கீழே நின்றார். லொறி வெறுமையாகத் திரும்பியது.

மறுநாளும் பெண்கள் வந்தார்கள். பெரியம்மா தன் பாயை அம்மாவின் பாயோடு சேர்த்து இழைத்தார். அடுத்தவரும் அப்படியே. பாய் ஒன்றாகி வாங்குகளுக்கு நடுவே வளர்ந்தது. சாயம் போட்ட சிவப்பும் பச்சையும் ஊதாவுமான ஓலைகளை வளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். நானும் மற்ற இருவரும் ஒரு மூலையில் ரீச்சரிடம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்ப்போம். காற்று வந்தால் முகடு முழுவதும் நிறங்கள் அசையும். நான் தினமும் இருந்த இடம்தானா இது என்று வாய் திறந்தபடி நிற்பேன்.

இரண்டாம் முறை லொறி வந்து போனது. மூன்றாம் முறை வந்தபோது பாய் கரும்பலகையிலிருந்து வாசல்வரை நீண்டு கிடந்தது. அதிகாரி உள்ளே வரக் காலைத் தூக்கினார். பிறகு சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, சுவர்க்கரையாக நடந்து வந்தார்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு, அக்கா?"

"நாங்கள் தொடங்கினனாங்கள், சேர். முடிக்கிறது உங்கட கையில," என்றார் அம்மா.

அவர் குனிந்து பாயின் கரையைத் தடவிப் பார்த்தார். வெளியே போய்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு லொறியில் ஏறினார். என் அம்மாவுக்குப் பயந்து ஒரு அதிகாரி ஓடினார் என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. கட்டடமும் வாங்குகளும் கைப்பணி நிலையத்துக்கென்று எங்கள் ஊர் மாதர் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும். பள்ளிக்கூடம் மூடப்படும்.

பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் வேறு காரணத்துக்காக அழுதேன். "என்ர பள்ளிக்கூடத்தை ஏனம்மா விட்டனீங்கள்?"

"பள்ளிக்கூடத்தைப் பிடிக்க எனக்கு ஏலாது, பிள்ளை. சுவரையாவது பிடிச்சு வைப்பம் எண்டு பாத்தனான்."

அம்மாவோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

இப்போது அங்கே இருபது பெண்கள் இழைக்கிறார்கள். கடிதம் எழுதுவது என் வேலை. போன வருடம் கட்டட அனுமதியைப் புதுப்பிக்கக் கல்விக் கந்தோருக்குப் போனபோது, பழைய கோப்பை என் முன்னால் திறந்து வைத்தார்கள். லொறி வந்துபோன மூன்று நாட்களுக்கும் மூன்று அறிக்கைகள், ஒரே கையெழுத்தில். முதலாவதில், லொறி வழியில் பழுதடைந்துவிட்டது. இரண்டாவதில், கட்டடத்தின் பூட்டுக்குத் திறப்புக் கிடைக்கவில்லை. மூன்றாவதில், கடும் மழை காரணமாகத் தளபாடங்களை ஏற்ற முடியவில்லை.

பெண்கள் என்றோ பாய் என்றோ ஓரிடத்திலும் இல்லை. மூன்றாவது தாளில் ஆவணி மாதத் திகதி. ஆவணி வறட்சியில் எங்கள் தீவுக்குக் குடிதண்ணீரே பவுசர் லொறியில்தான் வரும்.

வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓலை வார்வதை நிறுத்தவில்லை.

"ஓம், தெரியும். மூண்டாந்தரம் லொறியில கூலியாக்களே வரேல்லை. நீ பாக்கேல்லையோ?"