இலவசப் புத்தகத்தில் புகுந்த எண்ணெய்

நர்ஸ் வாரிஜாவுக்கு அருவருப்பே கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். சீழோ, வாந்தியோ, எதுவானாலும் கையுறையை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு மல்பே துறையில் பங்குடை மீன் என்ன விலைக்குப் போனது என்று நோயாளியிடம் பேச்சுக் கொடுத்தபடியே துடைத்து முடித்துவிடுவாள். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. உடுப்பியைச் சுற்றி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய்ப் புண் கட்டிவிட்டு வந்தாள்.

போன வீட்டிலெல்லாம் ஒரே கோலம். ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க மாட்டார்கள், புண் வந்த பிறகு அதன் மேல் கண்டதையும் அப்புவார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் கன்னடத்தில் ஒரு புத்தகம் எழுதினாள். பதிப்பகத்தார் கதையாக இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று மாதவ பை என்பவரின் அச்சகத்தில் கொடுத்தாள். அட்டைப்பெட்டிகள் வந்து கட்டிலுக்கு அடியிலும் மேலேயும் குவிந்தன. அங்கேயே கிடந்தன.

கணவர் சஞ்சீவருக்குக் கேலி தாங்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்த மனிதர், வாய் சும்மா இருக்காது. "வாரிஜா, இப்ப உன் புத்தகம்தான் படுத்த படுக்கை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடு, இல்லன்னா அதுக்கும் புண்ணு வந்துரும்" என்பார்.

மாதவ பைதான் வழி சொன்னார். "வாரிஜக்கா, முதல் அஞ்சு அத்தியாயத்த போன்ல படிக்கிற மாதிரி இலவசமா விட்டுருங்க. ருசி பாத்தவன் மிச்சத்துக்குக் கடைக்கு வருவான்."

"சும்மா கெடைக்கிறத யாரு மாதவண்ணா மதிப்பா?"

"இப்ப எல்லாரும் இதத்தான் பண்றாங்க. பெட்டியில கரையான் படிக்கிறதுக்கு மனுஷன் படிக்கட்டுமே, மாராயரே!"

யாரையும் உரிமையோடு கூப்பிடும் அந்த உடுப்பி 'மாராயரே'யில் அவள் இணங்கிவிட்டாள். கடைசிப் பக்கத்தில் அவள் படமும் போன் நம்பரும் போட்டு மின்னூலை விட்டார்கள். அது குடும்பக் குழுக்களிலும் கோயில் கமிட்டிக் குழுக்களிலும் பரவியது. வந்த செய்திகளோ எரிச்சல்தான் மூட்டின. 'மேடம், மிச்சத்தையும் இலவசமா அனுப்புங்க' என்றார் ஒருவர். 'சேவைன்னு சொல்லிட்டுக் காசு கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?' என்று கேட்டார் இன்னொருவர். அச்சுப் புத்தகத்தை ஒருவரும் கேட்கவில்லை.

மழை விட்ட சமயத்தில் காற்று திரும்பியது. திடீரென்று கேட்டுக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பைந்தூர், பட்கல், சிர்சி என்று எங்கிருந்தெல்லாமோ போன் வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள் காலியாயின. மாதவ பை அச்சகத்தில் எல்லோருக்கும் கோளிபஜே போண்டா வாங்கிக் கொடுத்தார். சஞ்சீவரே பார்சல் கட்டி, தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இத்தனை பேர் படிக்கிறார்களா என்று வாரிஜாவுக்கு உள்ளூர ஒரே பூரிப்பு.

அந்தப் பூரிப்பில் இருந்த ஒரு காலையில்தான் பைந்தூரிலிருந்து கிரிஜா என்ற பெண் கூப்பிட்டாள். புருஷன் பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறானாம்.

"அக்கா, நீங்க சொன்ன எண்ணெயத்தான் மூணு வேளையும் ஊத்துறேன். புண்ணு இன்னும் பெருசாகுது. நாத்தம் வேற. எண்ணெய இன்னும் கூடப் போடணுமாக்கா?"

"எந்த எண்ணெய்? நான் எண்ணெய் எதுவும் சொல்லலையேம்மா."

"உங்க புத்தகத்துல இருக்கே, அக்கா. போன்ல வந்ததுல."

அதை அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய அட்டை, அவளுடைய பெயர். நாலு அத்தியாயம் வரை ஒரு எழுத்து மாறவில்லை. ஐந்தாவதில், 'திறந்த புண்ணில் எண்ணெய் எதுவும் படக்கூடாது' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், ஒரு மூலிகை எண்ணெயின் பெயர் இருந்தது. 'என் இத்தனை வருஷ அனுபவத்தில் இதைப் போல ஒன்றைக் கண்டதில்லை' என்று அவளே சொல்வதாக வரி. கீழே அவள் படம். அதற்கும் கீழே குந்தாபுரத்துக் கடை விலாசம்.

வாரிஜா அன்றே பைந்தூருக்குப் போனாள். அறைக்குள் காலை வைக்கும்போதே பச்சிலை வாடையும் அழுகல் வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. எண்ணெயில் ஊறிய துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் விட்டு மெள்ள மெள்ளப் பிரித்தாள். உள்ளே எலும்பு தெரிந்தது. படுத்திருந்தவன் வலி தெரியாமல், "புண்ணு ஆறுதாக்கா?" என்று சிரித்தபடி கேட்டான். தலைமாட்டில் பாட்டில் நின்றது. லேபிளில் அவள் முகம்.

வாரிஜா எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆம்புலன்சை வரவழைத்து அவனை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் மாதவ பையைக் கூட்டிக்கொண்டு குந்தாபுரம் போனாள். கடைக்காரர் பெயர் புஜங்க ராவ். நெற்றியில் சந்தனம், வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. அவளைக் கண்டதும் எழுந்து காலைத் தொட வந்தார்.

"வாங்க, வாங்க வாரிஜம்மா! நம்ம கடைக்கு லட்சுமியே வந்த மாதிரி. டேய், பன்ஸும் காபியும் கொண்டா!"

"எதுவும் வேணாம். என் புத்தகத்துல உங்க எண்ணெய எழுதினது யாரு?"

"எழுதினதுன்னு சொல்லாதீங்க. சேத்தது." அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "சும்மா ஊருக்கு விட்ட புத்தகம்தானே அம்மா? ஊர்க் கிணறு மாதிரி. நானும் ஒரு குடம் மொண்டேன்."

"கிணத்துல நீங்க மொண்டுக்கல, விஷத்த ஊத்தியிருக்கீங்க. பைந்தூர்ல ஒருத்தனுக்கு எலும்பு தெரியுது."

"விதி! அவங்க சரியா போட்டிருக்க மாட்டாங்க." வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மழைக்கு அப்புறம் உங்க புத்தகம் எப்படி ஓடுது? எதனாலன்னு நெனச்சீங்க? ஒவ்வொரு பாட்டிலோடயும் நான்தான் அந்தப் பிடிஎஃப அனுப்புறேன். அதப் பாத்துட்டுத்தான் பெரிய புத்தகத்த வாங்குறாங்க. என் எண்ணெயில வழுக்கித்தான் உங்க வண்டி ஓடுது, மாராயரே!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிவந்த எச்சில் பல்லிடுக்கில் மினுங்கியது. பெட்டிகள் காலியானபோது வந்த பூரிப்பு வாரிஜாவுக்கு நினைவு வந்தது. தன் கையையே எங்கேயாவது தேய்த்துக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"அடுத்த பதிப்புச் செலவு என்னோடது" என்றார் ராவ். "பின்னட்டையில மட்டும் நம்ம பாட்டில். என்ன சொல்றீங்க?"

வாரிஜா ஷெல்பில் அவள் முகத்தோடு வரிசையாக நின்ற பாட்டில்களைக் கையால் வாரித் தள்ளினாள். கடை முழுக்க எண்ணெய் ஓடியது. கடைப் பையன்கள் ஓடி வந்தார்கள். ராவ் அப்போதும் கோபப்படவில்லை. "பாத்து, வழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் மாதவ பைதான் வண்டியை ஓட்டினார். சாஸ்தானம் ஊரைத் தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தார். "வாரிஜக்கா... பின்னட்டை மட்டும்தானே? உள்ள நாம சரியாத்தானே எழுதியிருக்கோம்?"

"வண்டிய நிறுத்துங்க."

"இல்ல, ஒரு பேச்சுக்குத்தான்—"

"நிறுத்துங்க மாதவண்ணா. எனக்குக் குமட்டுது."

இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்த ஏட்டு முதலில் கேட்டது, "இலவசமா குடுத்ததுன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்பதைத்தான். ஆஸ்பத்திரியில் எடுத்த புண்ணின் படத்தை அவர் மேஜையில் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் புகாரை வாங்கிக்கொண்டார். ராவைக் கூப்பிட்டு விசாரித்ததில், லேபிளிலிருந்து அவள் முகம் போனது. எண்ணெய் போகவில்லை.

மின்னூலை அவள் எடுத்துவிட்டாள். கெட்டுப்போன பிரதிதான் ஊரெங்கும் திரிந்தது. அச்சுப் புத்தகம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், அந்த எண்ணெய் பொய், நான் எழுதவில்லை என்று முதலில் சொன்னாள். "அப்ப எண்ணெய் கூடவே வராதா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டவர்கள்தான் அதிகம். விற்பனை பழையபடி படுத்துக்கொண்டது. சஞ்சீவர் இந்த முறை கேலி பேசவில்லை. மிச்சப் பெட்டிகளைப் பரணில் ஏற்றினார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் புஜங்க ராவின் எண்ணெய் வேறொரு இலவசப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்தது. சாகரம் என்ற ஊரில் ரிட்டயரான ஒரு ஆசிரியர் சர்க்கரை நோய்க்காரர்களின் கால் பராமரிப்பைப் பற்றி எழுதியது. ஐயோ, அந்த மனிதருக்குத் தெரியாது போல என்று பதறி, வாரிஜா நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் அவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார் ஆசிரியர். "ராவ் என்கிட்ட கேட்டுத்தான் போட்டாரு. என் புத்தகம் இப்பத்தான் நல்லா போயிட்டிருக்கு. நீங்க எதுக்கு அதக் கெடுக்கிறீங்க?"

வாரிஜா போனைக் கட்டிலில் எறிந்தாள். முற்றத்துக்கு வந்து காறித் துப்பினாள். வாய் கொப்பளித்து இன்னொரு தடவை துப்பினாள். அந்தக் கசப்பு போகவில்லை.

பைந்தூருக்குப் போகும் நாள் அது. கிரிஜாவின் புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தான். புண்ணின் ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை வந்துகொண்டிருந்தது. கட்டுத்துணியும் உப்புநீரும் இருந்த பையை எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினாள். வண்டியைக் கிளப்பிய பிறகும், யாரையோ திட்டுவதைப் போல அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.