நஞ்சம்மாள் வீட்டுக் கதவு

இண்டூர் நஞ்சம்மாளுக்கு வீட்டு வரியைத் தள்ளுபடி செய்ய பஞ்சாயத்து போர்டு தயாராகத்தான் இருந்தது. கெடுத்துக்கொண்டவள் அவளேதான். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

புருஷன் போய்ச் சேர்ந்தபின் அந்த ஓட்டு வீடு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். ஒரே மகன் சின்னராஜ் பஞ்சத்தில் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். போனவன் போனவன்தான், ஒரு சேதியும் இல்லை. களை பறித்து வயிற்றைக் கழுவினாள். கண் மங்கியதும் அதுவும் நின்றது.

1938-இல், ஆதரவில்லாத கிழடுகளுக்கு வரி தள்ளுபடி என்று போர்டில் தீர்மானம் போட்டார்கள். வரி வசூலிக்கும் முனியப்பன் நல்ல மனுஷன். அவனே ஓடி வந்து சொன்னான்.

"ஆத்தா, தலைவரு கேட்டா, சம்பாதிச்சுப் போட ஆம்பளப்புள்ள யாரும் இல்லீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"உசுரோட இருக்கறவனுக்கு என் வாயாலயே வாய்க்கரிசி போடச் சொல்றியாடா?"

மறுநாள் போர்டில் தலைவர் கேட்டார், "மகன் இருக்கானா?"

"இருக்கானுங்க." அதோடு விட்டாளா? "போன மாசங்கூடப் பணம் அனுப்புனானுங்க."

மகன் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவளுக்கு. மனுவைத் தள்ளிவிட்டார் தலைவர். முனியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. ஜப்தி செய்ய அந்த வீட்டில் என்ன இருந்தது? கதவைக் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பாழாய்ப்போன வேலையும் முனியப்பன் தலையில்தான் விழுந்தது.

"எம்மவன் வந்தா எதைடா தட்டுவான்?" என்று கேட்டாள். அவன் குனிந்தபடியே கதவைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டாள். தெருநாய் உள்ளே புகுந்து களிச்சட்டியை உருட்டிவிட்டுப் போனது.

மறு வருஷம் அதே தோட்டத்திலிருந்து மாரியப்பன் என்பவன் ஊர் திரும்பினான். சின்னராஜ் அங்கே போய்ச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் செத்துவிட்டானாம். நெஞ்சு வெடிக்க அழுதாள். பிறகு தடவித் தடவி போர்டுக்குப் போய் நின்றாள்.

"இல்லீங்க. எனக்கு யாரும் இல்லீங்க."

வரியும் பாக்கியும் தள்ளுபடியாயின. முனியப்பன் போர்டில் கிடந்த கதவைச் சுமந்துகொண்டு ஓடி வந்தான்.

"மாட்டிடறேன் ஆத்தா."

"வேண்டாம்பா. இனி யாரு வந்து தட்டப் போறா?"

கதவு வெளிச்சுவரில் சாய்ந்தபடி மழையில் ஊறியது. அந்த மழைக்காலம் முடியுமுன் நஞ்சம்மாளும் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு வாய்க்கரிசி போட்டவன் முனியப்பன்தான்.