பெயரும் தேதியும் இல்லாத கடிதம்

பெரட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மண்டோர் மாமா தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சற்றே குனிந்து, தன் வலது காதை என் வாயருகே கொண்டுவந்து நின்றார். என் கையில் ஆபீஸ் கடிதம் இருந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால் லயத்து வரிசைவீட்டு ஜனம் மொத்தமும், பிள்ளைகுட்டிகளோடு, மழைச்சாரலில் பாதி நனைந்தபடி நின்றது. அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நினைத்து என்ன பயன்? அப்போது வாயைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை. பிறகு வாயைத் திறக்கத் தெரியவில்லை.

கோலா சாவாப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில், விடிந்ததும் ஆள் பிரிக்கிற பெரட்டுக்கென்று ஒரு முறை இருந்தது. ஆபீஸ்காரர்கள் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். அது அவர்களுடைய கௌரவத்துக்குக் குறைவு. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, கடிதத்தைத் தாழ்ந்த குரலில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்வார். மண்டோர் திரும்பி நின்று, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி ஜனங்களுக்குக் கத்திச் சொல்வார். ஆபீசின் வார்த்தை எதுவானாலும் ஜனங்கள் கேட்டதெல்லாம் மண்டோரின் குரலில்தான். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் காகிதம் கேட்கமாட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் அவர் முதலில் போடாமல் வேறு யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள். அவர் எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அப்பா செத்த பிறகு எனக்கு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கேட்டு, பெரிய கிராணி வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றவர் அவர்தான். “எங்க புள்ளைக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு” என்று கள்ளுக்கடை வரைக்கும் போய்ப் பீற்றிக்கொள்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது.

தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றுவிட்டார்கள். அதற்கான கடிதத்தை டைப் அடித்தவள் நானே. முதல் வரியில் லயத்து வீடுகள் முப்பது நாளுக்குள் ‘மஸ்ட் பி வெகேட்டட்’. இரண்டாவது வரியில் மாற்று வீடுகள் ‘வில் பி ப்ரொவைடட் இன் டியூ கோர்ஸ்’. காலி செய்யப்பட வேண்டும். உரிய காலத்தில் வழங்கப்படும். நாங்கள் போவதற்கு நாள் குறித்திருந்தது, எங்களுக்கு வருவதற்கு நாள் இல்லை. வழங்கப்போவது துரையா, கம்பெனியா, வாங்கியவனா என்றும் இல்லை. அடியில், இதற்குச் சம்மதம் என்று குடும்பத்துக்கு ஒருவர் கையெழுத்துப் போட மட்டும் இடம் விட்டிருந்தது. டைப் அடிக்கும்போது இது என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டது. ஆனால் ஆபீஸ் ஃபைலில் இருந்த கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. பெரிய மனிதர்களின் இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து, எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து முடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வழக்கமாகப் பெரட்டில் கடிதம் சொல்கிற பெரிய கிராணி அன்று என்னைக் கூப்பிட்டு, “நீயே போய்ச் சொல்லும்மா. சொந்தக்காரப் புள்ள சொன்னா மண்டோரு கேள்வி கேக்காம ஏத்துக்குவாரு” என்றார். அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு குடையோடு கிளம்பிப் போனேன்.

இரண்டு வரியையும் மாமாவின் காதில் தமிழில் சொன்னேன். அவர் கேள்வி கேட்டார்.

“வீடு குடுக்கப்படும்னா, யாரு ஆயி குடுக்குறது? எப்ப?”

கடிதத்தைப் பார்த்தேன். அதில் இல்லாததைப் பார்த்து என்ன செய்ய? ‘போடல மாமா, கையெழுத்து வைக்காதீங்க’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் தண்ணி பட்ட பாடு இங்கிலீஷ்காரிக்குக் கடிதத்தில் ஒன்று தெரியவில்லை என்று ஆகிவிடுமே. இரண்டு எட்டு தள்ளிப் பெரிய கிராணி வேறு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வாயில் அதுவாகவே வந்தது.

“கம்பெனிதான் மாமா. தீபாவளிக்குள்ள.”

மாமா நிமிர்ந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு ஜனங்களின் பக்கம் திரும்பி, மழையையும் மீறிக் கத்தினார். “எல்லாரும் கேட்டுக்கங்க! கம்பெனி வீடு கட்டிக் குடுக்குது! தீபாவளிக்குள்ள!” யாரோ கைதட்டினார்கள். மாமா நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு முதல் கையெழுத்தைப் போட்டார். அவருக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஒருவராக வரிசையில் வந்து போட்டார்கள். மையொற்றுத் தாளை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாவது நாள் லயம் காலியானது. ஓடையோரம் பலகையும் தகரமுமாக அடித்துவைத்திருந்த ரூமா பஞ்சாங் என்கிற நீள வீட்டில், ஒரே கூரையின் கீழ் எல்லாக் குடும்பமும் தற்காலிகமாகக் குடியேறியது. தற்காலிகம் மூன்று தீபாவளியைப் பார்த்தது. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் கட்டிலின் கால் வரைக்கும் ஏறும். ஒரு குழந்தை டெங்கியில் போனது. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் பொறுமை இழந்து, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சிரம்பானுக்கு, ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனார்கள். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கம்பெனி பக்கத்து நாற்காலியில், பெரிய கிராணிக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். தோட்டம் போன பிறகு எனக்குக் கம்பெனியின் சிரம்பான் ஆபீசில் இடம் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு அப்போது வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு.

அதிகாரி நம்மவர்தான். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இதுல கம்பெனின்னும் இல்ல, தீபாவளின்னும் இல்ல. பெரட்டுல நீங்க அப்படிச் சொன்னீங்களாம்மா? சொல்லியிருந்தா இவங்க கேஸ் நிக்கும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. ஆமாம் என்றால் நாற்பது குடும்பத்துக்கு ஒரு வழி உண்டு, எனக்கு வேலை இல்லை.

“கடுதாசியில உள்ளதத்தான் சார் சொன்னேன்” என்றேன்.

பின்வரிசையில் ஒரே கூச்சல். அதிகாரி மேசையைத் தட்டிவிட்டு மாமாவிடம் கேட்டார். மாமா எழுந்து நின்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுத்துவிடட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டேன்.

“அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லுச்சு சார். மழ பேஞ்சிச்சு. எனக்குத்தான் காது சரியா விழல. நாந்தான் ஜனங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

மனு தள்ளுபடியானது. ஜனங்கள் பெடாஸ், ரந்தாவ், லுக்குட் என்று கிடைத்த இடத்துக்குச் சிதறினார்கள். மாமாவுக்குக் ‘கம்பெனிக்கு வித்தவன்’ என்று பெயர் வந்தது. கோயில் திருவிழாவில் அவருக்குக் கொடுத்துவந்த முதல் மரியாதை நின்றது; அதன்பிறகு அவரே போவதை நிறுத்திக்கொண்டார். பெடாஸில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக உட்கார்ந்தார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் “அம்மாவுக்கு எப்படி இருக்கு?” என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்டதில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்தச் சௌகரியத்தை எனக்கு அவர் கொடுக்கவில்லை.

கம்பெனி என்னையும் ஐந்தே வருடத்தில் வெளியே அனுப்பிவிட்டது. ‘யுவர் சர்வீசஸ் வில் பி டெர்மினேட்டட்’ என்று எழுதியிருந்ததைப் படித்து, யார் நிறுத்துகிறார்கள் என்று தேடிய எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் வாக்கியங்களை அதே மாதிரி, செயப்பாட்டுவினையாக, பக்கம் பக்கமாக மாற்றி எழுதுகிறார்கள். பாலம் அடுத்த வருடம் கட்டப்படும். படிவங்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பப்பட வேண்டும். போன வாரம் ஒரு பெண் கேட்டாள், “டீச்சர், யாரு கட்டுவான்னு போட வேணாமா லா?” தேவையில்லை, விட்டுவிடலாம், மார்க் குறையாது என்று சொன்னேன். பரீட்சைக்கு அதுதான் சரியான பதில்.

போன வருடம் மாமா இறந்தார். பெடாஸ் வீட்டில் கருமாதி. வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் பழைய லயத்து ஆட்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர், “செத்தவரச் சொல்லக் கூடாது. ஆனா அன்னிக்கு இந்த மனுசன் ஒழுங்கா காதுல வாங்கியிருந்தா நம்ம பொழப்பு இப்படி ஆயிருக்காது லா” என்றார். பக்கத்திலிருந்தவர் ஆமாம் போட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இப்போது எனக்கு வேலை போகாது, அம்மாவும் இல்லை. சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

அத்தை எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். குவளையை என் கையில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

“உங்க மாமாவுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சும்மா. சாகுற வரைக்கும்.”