கருவண்டுக்காக எடுத்த மாமரம்

1991இல் ஏரிக்கரையில் பட்டுப்போன மாமரத்தை ஏலம் விட்ட காலையில் அங்கே இருந்தவர்கள் ஊராட்சி எழுத்தர், ஒரகடத்துச் செங்கல் சூளைக்காரர், அப்பா, நான். அம்மா வரவில்லை. மரத்தை அடுத்திருந்த எங்கள் கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஏலத்துக்குப் போனதே அந்தத் தோட்டத்துக்காகத்தான்.

காரையும் களாவும் நுணாவும் மண்டிய காட்டின் ஓரத்தில் நின்றது மரம். உள்ளே கருவண்டுகள் குடியிருந்தன. ஊரில் வண்டு என்று சொன்னாலும் அது தேனீ வகைதான். ஆனால் கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாக மரத்தைக் குடைந்து, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் சுவர் வைத்து அடைத்துவிடும். காலையில் எங்கள் கத்தரிப் பூக்களுக்கு வரும். பூவைக் கட்டிப்பிடித்து உறுமும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். கல்லூரியில் சொன்னதை அப்படியே நம்பாமல், ஏலத்துக்கு முன்பே நான்கு செடிகளுக்குக் கொசுவலை கட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பூ உதிர்ந்துபோனது.

"வண்டு வரலன்னா இவ்ளோதானாடா?" என்றாள் அம்மா.

சூளைக்காரர் நூற்றைம்பதில் ஆரம்பித்தார். நான் இருநூறு என்றேன்.

"இன்னா தம்பி, காலேஜ் பட்சிட்டு வெறகு யாவாரமா?"

"வெட்ட மாட்டோம்ணா. அப்டியே நிக்கும்."

"நிக்குமா? வண்டாண்ட வூட்டு வாடகை வாங்கப் போறியா?" என்று சிரித்து, இருநூற்றைம்பது என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நைனா, கைநாட்டு வெக்க மை எட்த்தாந்தியா?"

அதுவரை போதும் போதும் என்று என் சட்டையை இழுத்துக்கொண்டிருந்த அப்பா கையை எடுத்தார்.

"முந்நூறு. கையெழுத்து எம்புள்ள போடுவான்."

சூளைக்காரர் விலகிக்கொண்டார். எழுத்தர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு மாசத்துல வெட்டி எடுத்துடணும். இல்லன்னா மாசம் பத்து ரூபா தண்டம்."

"ரசீது குடுப்பீங்கல்ல சார்?"

"தண்டத்துக்கா?"

"ஆமா சார். மாசாமாசம் வந்து கட்டறோம்."

கட்டினோம். டீக்கடையில் அப்பாவை 'வண்டு மாமனார்' என்றே கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்து, "இன்னாடா?" என்று கேட்டாரே தவிர, ஒரு மாதமும் தவறவில்லை. பதினான்கு மாதத் தண்டம் கட்டிய பிறகு ஒரு மழையில் மரம் தானாகவே சாய்ந்தது. அப்போதும் விறகுக்குக் கொடுக்கவில்லை. துளைகள் இருந்த அடிமரத்தை மட்டும் மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் வரப்போரம் சாய்த்து வைத்தோம். ஏலம் முந்நூறு, தண்டம் நூற்று நாற்பது, வண்டிக்கு இருபத்தைந்து. மொத்தம் நானூற்று அறுபத்தைந்து ரூபாய்.